எந்தத் தண்ணீரையும் நம்பாதவர்

கேளம்பாக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் பார்த்தசாரதியைத் தெரியாதவர்கள் குறைவு. அவரைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. மனிதர் கெட்டவர் இல்லை. யாரைப் பற்றியும் புறம் பேசமாட்டார், யார் வம்புக்கும் போகமாட்டார். ஆனால் பால் பாக்கெட் வாங்கினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். லிஃப்ட் ஒரு மாடியில் லேசாகத் தயங்கிவிட்டால் அந்த மாதம் முழுக்கப் படியேறித்தான் போவார். புதிதாகக் குடிவந்தவர் வணக்கம் சொன்னால்கூட, இவர் எதற்காக நமக்கு வணக்கம் சொல்கிறார் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திருப்பிக் கும்பிடுவார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடலோரத்து அணு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அவருக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்காகத்தான். கதிர்வீச்சுக் கண்காணிப்பில் வேலை. பளபளவென்று கழுவி விட்ட தரையைப் பார்த்து மற்றவர்கள் சுத்தம் என்று சொல்லலாம், அவர் சொல்லக் கூடாது. வட்டத் தாளால் தரையை ஒரு இழுப்பு துடைத்து, தாளைக் கருவிக்குள் வைத்து, கருவி சொன்ன பிறகுதான் அவர் வாயைத் திறக்கலாம். சாயங்காலம் வெளியே வரும்போது எல்லாரும் கையையும் காலையும் இயந்திரத்தில் காட்ட வேண்டும். பெரிய அதிகாரியானாலும் இயந்திரம் விட்டால்தான் வீடு. அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். ஓய்வு பெற்ற அன்று கருவியைத் திருப்பிக் கொடுத்தார், பேட்ஜைத் திருப்பிக் கொடுத்தார், சந்தேகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட ஆளிடம் போய் எலும்பு டாக்டர் தண்ணீரை மருந்தாகச் சொன்னார். மருந்து பார்த்தசாரதிக்கு அல்ல, அவர் மனைவி லோகநாயகிக்கு. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்றாகியிருந்தது. மார்பளவுத் தண்ணீரில் இறங்கி தினமும் நடக்கட்டும், தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், மூட்டுக்குப் பாரம் தெரியாது என்றார் டாக்டர். பொங்கல் வரைக்கும் பார்ப்போம், சரியாகவில்லை என்றால் ஆபரேஷன்தான் என்றும் சொன்னார். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதுமே லோகநாயகியின் முகம் வெளிறிவிட்டது. அவளுடைய அக்கா மூட்டு மாற்றிக்கொண்டு வந்து படுத்தவள்தான், கடைசிவரை கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

குடியிருப்பிலேயே ஒரு நீச்சல் குளம் இருந்தது. லிஃப்டில் இறங்கி, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால் குளம். ஊரில் வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே துண்டை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அந்தக் குளத்துக்கும் பார்த்தசாரதிக்கும் ஏற்கனவே ஆகாது. குடிவந்த புதிதில், அதில் ஒரு தவளை செத்து மிதந்ததைப் படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். குளத்தை மூடினார்கள். பரிசோதனைக்குத் தண்ணீர் போனது. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏசுதாஸ் செயலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, மழைக்கு ஒதுங்கிய தவளை தவறி விழுந்திருக்கிறது என்று முடிவு வந்தது. பார்த்தசாரதி அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பரிசோதனைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தவனே ஏசுதாஸ்தானே, கெட்ட தண்ணீரையா மொண்டு கொடுப்பான் என்று குழுவில் கேட்டார். அன்றிலிருந்து ஏசுதாஸ் அவரைக் கண்டால் குழாயைத் திருப்பி வேறு பக்கம் தண்ணீர் அடிப்பான்.

ஆக, வீட்டுக் குளம் இல்லை என்றானது. பெங்களூரில் இருக்கும் மகள் ரோகிணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சென்னையில் போய்ப் பார்க்க வேண்டிய சிறந்த நீச்சல் குளங்கள் என்று ஒரு இணையப் பக்கத்தை அப்பாவுக்கு அனுப்பினாள். பார்த்தசாரதி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். படித்து முடித்ததும் அவருக்கு வந்த முதல் சந்தேகம், எந்தப் படத்திலும் குளத்துக்குள் ஒரு ஆள்கூட இல்லையே என்பது. ஆள் இறங்காத தண்ணீர் எந்த ஊரிலும் நீலமாகத்தான் இருக்கும் என்று லோகநாயகியிடம் சொன்னார். ஆனாலும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார். மனைவி மேல் அவருக்கு உயிர். இதைச் சொல்லாமல் விட்டால் அவரைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

முதலில் நாவலூர். ஒரு உடற்பயிற்சிக் கூடத்தின் மொட்டை மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த குளம். சுற்றிலும் ஐ.டி. கம்பெனிக் கட்டடங்கள். தண்ணீர் மணக்க மணக்க குளோரின். மற்றவர்கள் அதை மோந்தால் சுத்தமான குளம் என்று நினைத்துக்கொள்வார்கள். பார்த்தசாரதிக்கோ, எதை மறைக்க இவ்வளவு மருந்து என்று தோன்றியது. அடுத்தது ஒரு பள்ளிக்கூடத்துக் குளம். அங்கே ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் குளிப்பதை வெகுநேரம் பார்த்தார். அத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட ஒரு தடவைகூடக் கழிப்பறைப் பக்கம் போகவில்லை. அவர் எழுந்துவிட்டார். கோவளத்தில் ஒரு ஓட்டலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் குளத்தின் ஓரத்துச் சலவைக்கல்லில் ஒரு மங்கலான கோடு. சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, பழைய பழக்கத்தில் ஒரு இழுப்பு துடைத்து, தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவுதான், கிளம்பு என்றார்.

இத்தனை இடத்துக்கும் லோகநாயகி கூடவே போனாள். முழுக்கை முழுக்கால் வைத்த நீச்சல் உடை ஒன்றை அவள் வாங்கி வைத்திருந்தாள். தெரியாத இடத்தில் உடை மாற்றக் கூச்சம் என்பதால் அதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டு கிளம்புவாள். கார்த்திகை மாதத்துப் புழுக்கத்தில், ரப்பர் மாதிரி உடம்பைப் பிடிக்கும் அந்தத் துணிக்குள் வியர்த்து வழிய ஒவ்வொரு குளத்தங்கரையிலும் உட்கார்ந்திருப்பாள். புருஷன் தலையை ஆட்டியதும் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காருக்குத் திரும்புவாள். போனது மாதிரியே வருவாள். ஒரு குளத்திலும் அவள் கால் விரல்கூட நனையவில்லை. பார்த்தசாரதி இதைக் கவனித்தாரா என்றால், இல்லை. ஊரில் உள்ள தூசியெல்லாம் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லை.

மாமல்லபுரத்தில்தான் கூத்து. கடற்கரையை ஒட்டி ஒரு பெரிய ரிசார்ட்டில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களையும் குளத்துக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார்கள். பார்த்தசாரதி வாசலிலேயே செருப்பை மாற்றினார். வெளிச் செருப்பு வெளியே, உள் செருப்பு உள்ளே. பிறகு குளத்தைச் சுற்றி வந்தார். தாளால் துடைத்தார். சிறிய பாட்டிலில் தண்ணீர் மொண்டு மூடி, பெயர் ஒட்டிப் பையில் போட்டார். வடிகட்டும் அறை எங்கே என்று கேட்டார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் ரோஹித், சுகாதாரத் துறையிலிருந்து யாரோ குடும்பத்தோடு வருகிற மாதிரி வந்து சோதனை போடுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டான். அடுத்த நிமிடம் நிழலில் நாற்காலி வந்தது, இளநீர் வந்தது, மெதுவடை வந்தது. குளத்தில் இருந்தவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு இரண்டு ஆட்கள் இறங்கி, விழாத இலையையெல்லாம் பொறுக்கினார்கள்.

நான் எந்த அதிகாரியும் இல்லை என்று பார்த்தசாரதி சொல்லிப் பார்த்தார். எல்லா அதிகாரிகளும் அப்படித்தான் சார் சொல்வார்கள் என்று ரோஹித் குழைந்தான். இவரும் நம்பாதவர், அவனும் நம்பாதவன், பேச்சு எங்கே முடியும். இளநீரைக் குடிக்கக் குடிக்கப் பார்த்தசாரதிக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு உபசாரம் செய்கிறான் என்றால் எவ்வளவு மறைக்கிறான் என்று மனைவியின் காதில் சொன்னார். லோகநாயகி குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத குளம், படத்தில் இருந்த மாதிரியே நீலம்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சு, ஒரு தடவை இறங்கிட்டு வந்துடறேனேங்க" என்றாள்.

பரிசோதனை முடிவு வரட்டும் என்றார் அவர்.  அதற்குப் பிறகு குளத்தைப் பற்றிய பேச்சையே அவள் எடுக்கவில்லை. மற்ற எதற்கெல்லாமோ சந்தேகப்பட்டவர், இந்த மௌனத்துக்குச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முழங்கால் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சோழிங்கநல்லூர் பக்கம் இன்னொரு குளத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

மார்கழி பிறந்தபோது, லோகநாயகி சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தாள். பார்த்தசாரதி பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மறுநாள் அவள் வாசலில் குனிந்து கோலம் போட்டாள். அதற்கு மறுவாரம், லிஃப்ட் வரத் தாமதமானதும் படியில் இறங்கிப் போய்விட்டாள். வேறு புருஷனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இவருக்கும் சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷத்தோடு கூடவே, இது எப்படி என்ற கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டார். புதிதாக ஒரு எண்ணெய் தேய்க்கிறேன், கேட்கிறது என்றாள்.

எண்ணெய்! அவருக்குத் தூக்கம் போயிற்று. இவ்வளவு சீக்கிரம் கேட்கிற எண்ணெய் என்றால் விற்றவன் அதில் ஏதோ கலந்திருக்கிறான். வலியை அமுக்கிவிட்டு எலும்பை அரிக்கிற மருந்துகளைப் பற்றி அவர் நிறையப் படித்திருந்தார். அவள் குளிக்கப் போன நேரத்தில் கொஞ்சம் எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றி, செங்கல்பட்டில் தெரிந்த ஒருவர் வைத்திருக்கும் பரிசோதனைக் கூடத்துக்குப் பேருந்து ஏறிப்போய்க் கொடுத்தார். சில நாள் கழித்து கூடத்துக்காரர் போன் செய்தார். சார், இது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், வேறு ஒன்றும் கிடையாது, தோசைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்றார்.

நிம்மதியாக வேண்டிய செய்தி. பார்த்தசாரதிக்கு அங்கேதான் அடுத்த சந்தேகம் பிறந்தது. எண்ணெய் வெறும் எண்ணெய் என்றால் கால் எப்படிச் சரியானது? கால் சரியானதற்குக் காரணம் வேறு என்றால், அவள் சொன்னது பொய். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் பொய் சொன்னதில்லை. சொன்னதில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். அந்த நினைப்பும் ஆட்டம் கண்டது. பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாயங்காலத்தில் அவள் இரண்டாவது தடவை குளிக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறை சீயக்காய் தேய்க்கிறவள் இப்போதெல்லாம் அடிக்கடி தேய்க்கிறாள். அவர் மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது கனவல்ல. ரகசியமாக வேறு எங்கேயாவது வைத்தியம் பார்க்கிறாளா? ஊசி போட்டுக்கொள்கிறாளா? தனக்குத் தெரியாமல் எதிலாவது மாட்டிக்கொண்டாளா? அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, குறட்டை விட்டார். அவருடைய வாழ்க்கையில் அவர் நடித்த முதல் நடிப்பு அதுதான். தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. அவர் சற்று நேரம் விட்டு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். கீழே பச்சைப் புடவை கார்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அவள் குடியிருப்பின் வெளிவாசலுக்குப் போகவில்லை. இடது பக்கம் திரும்பி, நீச்சல் குளத்துக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

பார்த்தசாரதி அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குளமா? தான் கூடாது என்று தள்ளிவைத்த அந்தக் குளமா? உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் எதையும் பேசுவது அவர் வழக்கமல்ல. குளத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு அரளிச் செடி வேலி. அதன் பின்பக்கமாகப் போய், கிளையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

கட்டடத்தின் நிழல் குளத்தில் பாதிக்கு விழுந்திருந்தது. நிழலுக்குள் லோகநாயகி மார்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அங்கிருந்து இங்கே. இன்னும் சில பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். அவள் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கியது என்பதும் அவருக்குத் தெரியாது. குளத்தைப் பற்றி எவ்வளவோ தெரிந்து வைத்திருந்தவர், வாசலில் தொங்கிய அட்டையைப் படித்ததே இல்லை.

முதலில் ஒரு பெண் வேலிக்கு நடுவே கண்ணாடி மின்னுவதைப் பார்த்துக் கத்தினாள். இன்னொருத்தி, புதிதாகக் குடிவந்தவள், துண்டைச் சுற்றிக்கொண்டு போனை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். படம் பிடித்துக் குழுவில் போடப்போகிறேன், போலீசுக்கும் அனுப்பப்போகிறேன் என்றாள். பெண்கள் நேரத்துக்குக் காவல் இருக்கும் மார்கரெட், திருப்போரூர் பக்கத்திலிருந்து வருகிறவள், வேலியைச் சுற்றி ஓடிவந்து அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் ஆள் யாரென்று பார்த்தாள்.

"இன்னா சார் இது, வயசான காலத்துல? லேடீஸ் டைம்ல செடிக்குப் பின்னாடி நின்னுகினு இன்னாத்த பாத்துகினு கீறீங்க?"

பார்த்தசாரதி, தவறாக நினைக்காதே என்று சொல்ல வாயெடுத்தார். தான் சந்தேகப்பட்டவர்களெல்லாம் எப்படித் தன்னிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், தான் எப்படி அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறார் என்பது அப்போதுதானா ஞாபகத்துக்கு வர வேண்டும்? ஏசுதாஸ் மோட்டார் அறையிலிருந்து வெளியே வந்து, தொலைவிலேயே நின்று பார்த்தான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. போன் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல எந்த இயந்திரமும் அங்கே இல்லை. சொல்வதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், அவள் தண்ணீருக்குள் இருந்தாள். அவள் பேசாமல் இருந்துவிட்டால்கூட அவரால் குறை சொல்ல முடியாது.

லோகநாயகி கம்பியைப் பிடித்துப் படியேறி வந்தாள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, அந்த முழுக்கை உடையோடு, இத்தனை பேர் நடுவில் வந்து நின்றாள்.

"அவர் என் வீட்டுக்காரர். போனைக் கீழ வைம்மா" என்றாள். "உங்க யாரையும் பாக்க வரல. என்னைச் சந்தேகப்பட்டு வந்திருக்காரு."

அந்தப் பெண் போனைத் தாழ்த்தினாள். மார்கரெட் சட்டையை விட்டாள். அத்தனை பெண்களும் இப்போது அவரைப் பார்த்த பார்வையில் பயம் போயிருந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. முன்பிருந்த பார்வையே தேவலை என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

அவள் வந்து, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு எதிரே உட்காரும்வரை அவர் மின்விசிறியைக்கூடப் போடவில்லை. எல்லாருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். மார்கரெட்டுக்கு, ஏசுதாஸுக்கு, எதிர்வீட்டுக்கு, வாசல் காவலாளிக்கு, எல்லாருக்கும். அவள் இறங்கும் நாளில் ஏசுதாஸ் முன்கூட்டியே தரையைக் கழுவி, வழுக்காமல் இருக்கப் படியைத் தேய்த்து வைப்பான் என்றும் சொன்னாள். உங்கள் வீட்டு சாருக்குத் தெரிய வேண்டாம்மா என்று அவனே சொன்னானாம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வராது. "தண்ணிய எடுத்துப் பாத்திருப்பேன்" என்றார்.

"அதான். உங்களுக்குத் தெரிஞ்சுதுன்னா இந்தத் தண்ணியும் கெட்டுப்போயிடும். எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு தண்ணிதாங்க." அவள் குரல் உயரவில்லை. "பொங்கலுக்கு அப்புறம் டாக்டர்கிட்ட போகணும். கத்தி வேணாம்னு அவர் வாயால சொல்லணும். அதுவரைக்கும் என்னை விட்டுடுங்க."

பார்த்தசாரதி, அவளைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்ததாக நினைத்திருந்தார். அவளோ அவரிடமிருந்து அந்தக் குளத்தைக் காப்பாற்றி வைத்திருந்தாள். 

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்தது. லோகநாயகி பாத்திரத்தை ஒழித்துவிட்டு, துணிப்பையை எடுத்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். இதுவரை தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் விலக்கிப் போனவள், முதல் தடவையாக அவரைப் பார்த்து, போய்ட்டு வரேன் என்றாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ ஓடியது. எந்த மருந்து போடுகிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள், காலைக் கழுவிவிட்டு இறங்குகிறார்களா, எல்லாம் தொண்டை வரை வந்தது. அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்துப் போ" என்றார்.

கதவு திறந்தது, மூடியது. படியில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. பார்த்தசாரதி மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இந்நேரம் கார் நிறுத்துமிடத்தைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் தண்ணீரில் கால் வைத்திருப்பாள் என்று மனம் கூடவே போய்க்கொண்டிருந்தது. குளத்தைப் பார்க்கிற பால்கனி நாலே அடியில் இருந்தது. தூக்கம் துளிகூட வரவில்லை. அவள் திரும்பி வந்து தாழ்ப்பாளைப் போடும்வரை அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.